அடி குளிர்ந்த கன்று

ஏப்ரல் பிறந்தால் என் வாட்ஸ்அப் முழுக்கப் புடலங்கன்றுகள்தான். ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து அனுப்புவார்கள். கூடவே ஒரு வரி: "அண்ணை, இது ஏன் இப்பிடி?" படத்தில் இலை மட்டும் பெரிதாகத் தெரியும். சட்டி பாதியோடு வெட்டுப்பட்டிருக்கும். சட்டி எதன்மேல் இருக்கிறது என்பது மருந்துக்கும் தெரியாது. எல்லாருக்கும் என் முதல் பதில் ஒன்றுதான்: சட்டியின் அடியில் கையை வைத்துப் பாருங்கள், குளிர்கிறதா?

நாற்றுப் போட்டு விற்பது என் தொழில். ஆண்டில் மூன்று மாதம் நடக்கிற தொழில் என்றாலும் தொழில் தொழில்தானே. பாவல், புடல், பீர்க்கு, பயற்றை, பசளி, கேட்பவர்களுக்குச் சங்குப்பூ. எல்லாம் கொடி, எல்லாம் வெயில் தின்று வளர்கிற சாதி. இவற்றைப் பனி போகாத ரொறன்ரோவில் வீட்டுக்குள் வைத்து முளைக்கப்போட்டு, ஜூன் மாதம் வெளியே நடுகிற பருவத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பேன். இந்தத் தொழிலுக்கு வருமுன்னர் லீமிங்டன் பக்கம் ஒரு கண்ணாடிவீட்டில் வெள்ளரிக்கு வேலை செய்தேன். காலையில் உள்ளே நுழைந்தால் முதலில் செடியைப் பார்க்கக் கூடாது, வெப்பமானியைத்தான் பார்க்கவேண்டும் என்பது அங்கே படித்த பாடம்.

ஊரில் இதற்கெல்லாம் தேவை இல்லை. வேலியோரம் விரலால் ஒரு குழி குத்தி விதையைப் போட்டுவிட்டு மறந்துபோனாலும் பாவல் ஏறிவிடும். அங்கே வெயில் என்றால் ஒளியும் சூடும் ஒன்றாகவே வரும். இங்கே வீட்டுக்குள் இரண்டும் பிரிந்து போய்விட்டன. ஃபர்னஸ் அறையின் மேல்தட்டில் 26 பாகை இருக்கும், வெளிச்சம் இருக்காது. யன்னலடியில் வெளிச்சம் இருக்கும், ஆனால் மார்ச் மாத இரவில் கண்ணாடியை ஒட்டிய காற்று 10 பாகைக்கு இறங்கிவிடும். சூடான இடம் இருட்டு, வெளிச்சமான இடம் குளிர். கன்றுகளுக்கு வருகிற வியாதிகளில் முக்கால்வாசி இந்தப் பிரிவினையால் வருபவை. மக்கள் அதற்கு உரம் போடுகிறார்கள்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கிற மாமி ஒருவர் ஒருநாள் கன்றைக் கையோடு தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். யோகட் டப்பாவில் ஒரு புடலங்கன்று.

"தம்பி, விதை நல்ல விதை. போன வருசம் காய்ச்சதிலை நானே எடுத்து வச்சது. முளைக்கேக்கை நல்லாத்தான் முளைச்சது. பிறகுதான் இப்பிடி மெலிஞ்சுகொண்டு போகுது."

"எங்கை வச்சிருக்கிறியள் மாமி?"

"யன்னலடியிலைதான். நல்ல வெளிச்சம்."

"ராவிலை திரைச்சீலையை இழுத்து விடுறனீங்களோ?"

"ஓம், குளிர் எல்லோ!"

மாமிக்குக் குளிரக் கூடாது என்று இழுத்த திரைச்சீலை கன்றை வீட்டின் சூட்டிலிருந்து பிரித்து, கண்ணாடியோடு தனியே விட்டுவிட்டது. இந்த நாட்டு வீடுகளில் சூட்டுக்காற்று வருகிற துவாரம் பெரும்பாலும் யன்னலுக்கு நேர் கீழேதான் இருக்கும். ஆகவே பகலில் கன்றின் முகத்தில் வறண்ட சுடுகாற்று, இரவில் முதுகில் குளிர்.

அந்தக் கன்றை மேசையில் வைத்துப் பார்த்தேன். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உயரம். அதில் மண்ணுக்கும் வித்திலைக்கும் இடையிலேயே நாலு விரல் தண்டு, வெளிறிப்போய், தன் பாரத்தைத் தானே தாங்காமல் ஒருபக்கம் வளைந்திருந்தது. வித்திலைகள் இரண்டும் ஓரத்தில் மஞ்சள். முதலில் வந்த இலை பெருவிரல் நகமளவில் நின்றுவிட்டது, அதுவும் கீழ்நோக்கிக் கவிழ்ந்து. மண்ணின் மேல் பச்சையாகப் பாசி, ஓரமாக முட்டைக்கோது தூளும் காய்ந்த தேயிலைச் சக்கையும். டப்பாவின் அடியில் துளை இல்லை.

கன்றைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். வித்திலைக்குக் கீழே இருக்கிற தண்டு முளைத்த முதல் சில நாட்களிலேயே நீண்டு முடிந்துவிடுகிறது. பிறகு என்ன செய்தாலும் அது குறுகாது. அது நீளமாக இருந்தால் அந்த நாட்களில் சூடு இருந்தது, வெளிச்சம் இருக்கவில்லை என்று பொருள். மாமியைக் கேட்டேன். விதையை ஈரத்துணியில் முடிந்து, பிரிட்ஜ் மேலே வைத்து, முளை கண்டதும் மண்ணில் புதைத்து, திரும்பவும் பிரிட்ஜ் மேலேயே வைத்திருக்கிறார். தலை நீட்டியதை அவர் கண்டது ஓரிரண்டு நாள் கழித்து. சூடான இருட்டில் ஒரு கொடிக் கன்றுக்கு அவ்வளவு நேரம் போதும். தண்டுக்கு மேலே இருக்கிற வித்திலையின் மஞ்சள், தண்ணீரின் கதை. கவிழ்ந்து நின்ற இலைதான் இன்றைய நிலவரம்.

டப்பாவைத் தூக்கினேன், கல்லுப்போலக் கனத்தது. கத்தியால் ஓரத்தை விடுவித்துக் கவிழ்த்தேன். மேல் பாதி மண்ணில் மட்டும் வேர் ஓடியிருந்தது. கீழ்ப்பகுதி கறுத்து, சேறாகி, புளித்த வாடை. அந்தப் பக்கமாக இறங்கிய ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன். மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த மெல்லிய நூல் மட்டும் கன்றோடு நின்றது. பித்தியம் என்கிற அழுகல் கிருமி வேரில் ஏறியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும், இழுத்தால் அறும், உரியாது.

குளிர்ந்த ஈரமண் அந்தக் கிருமிக்கு வாய்ப்பு. புடலுக்கோ அது பட்டினி. வேர் இருக்கிற மண் 15 பாகைக்குக் கீழே போனால் இந்தக் கொடிகள் தண்ணீரை உறிஞ்சத் தடுமாறும். மண் நிறையத் தண்ணீர் இருக்கும், இலையோ வாடும். வாடியதைக் கண்டு வீட்டுக்காரர் இன்னும் ஊற்றுவார். அதுவும் குழாயில் இருந்து நேராக. ரொறன்ரோக் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியின் தண்ணீர். குளிர்காலம் முடிகிற நேரத்தில் 5 பாகையை ஒட்டித்தான் வரும். கை வைத்தால் விரல் விறைக்கும் தண்ணீரை வெப்பதேசத்துக் கொடியின் காலில் ஊற்றினால் அது எப்படி நிமிரும்?

தண்ணீரை இரவே பிடித்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள். இந்த நகரத்தில் தண்ணீருக்குப் போடுவது குளோரமீன். அது ஓரிரவில் பறந்து போகிற சாமான் இல்லை. குடிக்கிற தண்ணீரில் இருக்கிற அளவு கன்றைக் கொல்லவும் கொல்லாது. ஆனாலும் நான் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் சொல்கிறேன்; காலையில் அது வீட்டுச் சூட்டுக்கு வந்திருக்கும். காரணம் பிழை, பழக்கம் சரி. அதைத் திருத்தப்போய் நல்ல பழக்கத்தைக் கெடுப்பானேன் என்று பெரும்பாலும் வாயை மூடிக்கொள்வேன்.

முட்டைக்கோது, தேயிலைச் சக்கை, மீன் கழுவிய தண்ணீர் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். ஊர் மண்ணில் இவற்றைக் கொட்டினால் மண்புழுவும் நுண்ணுயிரும் சேர்ந்து தின்று தீர்த்துக் கன்றுக்குக் கொடுத்துவிடும். யோகட் டப்பாவில் இருப்பது கடையில் வாங்கிய பீட்டும் பேர்லைட்டும். அதுவும் குளிர்ந்து கிடக்கிறது. சக்கை அப்படியே பூஞ்சணம் பிடிக்கும், கோது அப்படியே இருக்கும். பிறகு சின்னக் கறுப்பு ஈ பறக்கத் தொடங்கும். பறக்கிற ஈ தொந்தரவு மட்டும்தான். மண்ணுக்குள் இருக்கிற அதன் புழுதான் வேரைத் தின்னும். புழு இருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டு உருளைக்கிழங்கை மண்மேல் வைத்து, இரண்டு நாள் விட்டு எடுத்துப் பாருங்கள். கண்ணாடிபோல் உடம்பும் கறுத்த தலையுமாக அடியில் ஒட்டியிருக்கும். மேல்மண்ணைக் காயவிட்டால், தண்ணீரைக் கீழ்த்தட்டில் ஊற்றினால், பாதிக்கு மேல் அடங்கிவிடும். உரம் வேண்டுமென்றால் இரண்டாவது உண்மை இலை விரிந்த பிறகு, கரையும் உரத்தைப் பெட்டியில் சொன்னதில் கால்வாசியாகக் கரைத்து விடுங்கள். அதுவரை வித்திலையில் இருக்கிற சேமிப்பே போதும்.

வெளிச்சத்தைப் பற்றி ஆட்களை நம்பவைப்பது சூட்டைப் பற்றி நம்பவைப்பதைவிடக் கஷ்டம். கண் நம்மை ஏமாற்றுகிறது. வெளியே உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வீட்டு நடு அறையில் விளக்குப் போட்டால் சில நூறுதான். நம் கண்ணின் மணி விரிந்து கொடுப்பதால் இரண்டும் வெளிச்சமாகவே தெரிகிறது. கன்றுக்கு அந்த வசதி இல்லை. யன்னலடியில் இருந்து ஒரு மீற்றர் உள்ளே தள்ளி வைத்த புடலங்கன்று சாப்பாட்டு வாசனை மட்டும் பிடித்துக்கொண்டு பட்டினி கிடக்கிறது.

ஆயிரக்கணக்கில் செலவு செய்யத் தேவையில்லை. கராஜில் மாட்டுகிற நாலடி எல்ஈடி விளக்கு ஒன்று போதும். ஊதா நிறத்தில் எரிகிற விலைகூடிய விளக்கு வேண்டாம். அதன் கீழே இலையின் மஞ்சள் தெரியாது, நோயைப் பார்க்கவும் முடியாது. வெள்ளை விளக்கை இலைக்கு நாலு விரல், அரைச்சாண் உயரத்தில் தொங்கவிட்டு, கன்று வளர வளரச் சங்கிலியை ஏற்றிக்கொண்டு போகவேண்டும். விளக்கு முகட்டில், கன்று தரையில் என்றால் மின்சாரக் காசுதான் மிச்சம். ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணித்தியாலம். இரவில் அணையட்டும்.

சூட்டுக்கு ஹீற் மாற் என்று சட்டிக்கு அடியில் விரிக்கிற மின்சாரப் பாய் விற்கிறது. பாவலும் புடலும் முளைக்க 28 பாகை, 30 பாகை வேண்டும். பேஸ்மென்ற் சீமெந்துத் தரையோ மார்ச்சில் 15, 16இல் கிடக்கும். அந்தக் குளிரில் விதை முளைப்பதைவிட அழுகுவது சுலபம். முளைத்ததும் பாயை எடுத்துவிடுங்கள் என்று பெட்டியில் எழுதியிருக்கும். தக்காளிக்கு அது சரி. புடலுக்கு நான் எடுப்பதில்லை. 22 பாகைக்குக் குறைத்துவிட்டு, வெளிக்காற்று சூடாகும்வரை வைத்திருப்பேன். பாய் வாங்க மனமில்லாதவர்களுக்கு மீன்கடையில் சும்மா தருகிற றெஜிபோம் பெட்டி இருக்கிறது. மூடியைத் தரையில் போட்டு அதன்மேல் சட்டிகளை வைத்தாலே, சீமெந்து சூட்டை உறிஞ்சுவது நின்றுவிடும். நன்றாகக் கழுவி எடுங்கள், இல்லாவிட்டால் பூனை வரும்.

இனிக் கோது மாட்டிக்கொள்வது. கன்று தலை நீட்டும்போது விதைக்கோதைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு வரும். வித்திலை விரிய முடியாது. சில நாளில் உள்ளேயே அழுகும். பதறிப்போய் நகத்தால் பிய்ப்பார்கள், வித்திலையும் சேர்ந்து போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு துளி கோதின்மேல் விட்டு, கன்றுக்கு மேலே கண்ணாடிக் குவளை ஒன்றைக் கவிழ்த்துவைத்து, சில மணித்தியாலம் பொறுத்தால் கோது இளகும். பிறகு ஊசிமுனையால் பிளவைத் தூக்கினால் தானே கழன்று விழும்.

அது ஏன் மாட்டுகிறது என்பது எனக்குப் பிடித்த விசயம். வெள்ளரி, பூசணி இனத்துக் கன்றுகளில் தண்டும் வேரும் சந்திக்கிற இடத்தில், உள்பக்கமாக ஒரு சின்னத் திரட்சி ஆப்புப்போல வளரும். அது கோதின் கீழ் உதட்டைப் பிடித்து அழுத்திக்கொள்ளும்; மேலே தண்டு வளைந்து இழுக்க, வித்திலைகள் கோதிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வரும். சார்ல்ஸ் டார்வின், மகன் பிரான்சிஸோடு சேர்ந்து 1880இல் வெளியிட்ட தாவர அசைவு பற்றிய நூலில் இந்த ஆப்பை விவரித்திருக்கிறார். புவியீர்ப்புத்தான் ஆப்பு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று தீர்மானிக்கிறது. 1998இல் டிஸ்கவரி விண்ணோடத்தில் வெள்ளரி விதைகளைக் கொண்டுபோய் முளைக்க வைத்தபோது, கீழ் எது மேல் எது என்று தெரியாத அந்தக் கன்றுகள் இரண்டு பக்கமும் ஆப்பு வைத்துக்கொண்டன. எழுபத்தேழு வயதில் விண்வெளிவீரர் ஜோன் கிளென் திரும்ப விண்ணுக்குப் போன பயணம் அது. செய்தியெல்லாம் அவரைப் பற்றித்தான்.

எங்களுக்கு இதில் உள்ள பயன்: விதையைப் படுக்கவைத்து நடுங்கள், ஓர் அங்குல ஆழத்தில் நடுங்கள். நிமிர்த்திக் குத்தினால் ஆப்புக்குப் பிடி கிடைக்காது. மேலோட்டமாக விட்டால் கோதை அமர்த்திப் பிடிக்க மண்ணின் பாரம் போதாது. பாவல் விதையின் கோது தடிப்பு. கூரான பக்கத்து ஓரத்தை நகவெட்டியால் மிக மெல்லக் கிள்ளிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஓரிரவு ஊறவைக்கலாம். புடல் விதைக்கு ஊறல் மட்டும் போதும்.

இலையில் வருகிற சிலந்திப்பேனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குளிர்காலத்து வீட்டில் காற்றின் ஈரப்பதம் 30 வீதத்துக்குக் கீழே போகும். பேனுக்கு அதுதான் கொண்டாட்டம். இலையின் மேல் பொடிப்பொடியாக வெளிறிய புள்ளிகள் தெரிந்தால், வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நடக்கத் தொடங்கினால் பேன். இலையின் அடிப்பக்கத்தைக் குழாயின் கீழே பிடித்துக் கழுவுங்கள், சில நாளில் திரும்பவும் கழுவுங்கள்.

மாமியின் கன்றுக்கு வருவோம். நான் சொன்னது, தூக்கி எறியுங்கள் மாமி, புது விதை போடுங்கள் என்று. இந்தத் தொழிலில் ஆட்கள் கேட்க விரும்பாத ஆலோசனை இதுதான். பாவலும் புடலும் வெளியே போவதற்கு மூன்று, நாலு கிழமைக்கு முன்னர் விதைத்தால் போதும். மார்ச் தொடக்கத்தில் போட்டு, வீட்டுக்குள் இரண்டு மாதம் இழுபட்ட கன்று, மே முதல் கிழமையில் சூட்டோடும் வெளிச்சத்தோடும் போட்ட விதையிடம் தோற்றுவிடும். வேர் அடிபட்ட கொடி அந்தக் கணக்கை மறப்பதில்லை. மே மாதத்து நீண்ட விடுமுறைக்கு, 25ஆம் திகதிக்கு முந்திய திங்கள் வருகிற விக்டோரியா நாளுக்கு, ஊரே தோட்டம் நடும். அது தக்காளிக்கான நாள். இரவு 10 பாகைக்கு இறங்குகிற காலத்தில் புடலை வெளியே விடக் கூடாது, எனக்கு ஜூன்தான்.

மாமி கேட்கவில்லை. "உயிரோடை இருக்கிறதை எப்பிடித் தம்பி எறியிறது?" என்றார்.

சரி என்று அழுகிய வேரை வெட்டிவிட்டு, சேற்று மண்ணைக் கழுவி எடுத்து, அடியில் துளைபோட்ட சின்னச் சட்டியில் புதுக் கலவையில் வைத்தேன். பெரிய சட்டி வேண்டாம்; குடிக்க ஆள் இல்லாத மண் ஈரமாகவே கிடக்கும். நீண்ட தண்டில் கொஞ்சத்தை மண்ணுக்குள் இறக்கினேன், தக்காளியைப்போல ஆழமாக அல்ல, ஓர் அங்குலம். மிச்சத்துக்கு ஈர்க்கு ஒன்றை ஊன்றி, பழைய சேலை நூலால் தளர்வாகக் கட்டினேன். விளக்கின் கீழே, சூட்டுப் பாயின்மேல் என்னிடமே வைத்துக்கொண்டேன். சட்டியின் கனம் குறைந்தபிறகு மட்டும் தண்ணீர். பழைய மஞ்சள் இலை பச்சையாகாது, அதைப் பார்க்கவேண்டாம், குருத்தைப் பாருங்கள் என்று மாமியிடம் சொல்லிவைத்தேன். கூடவே அவருடைய அதே விதையில் இரண்டை மே மாதம் வேறாகப் போட்டேன், கேளாமலே.

பழைய கன்று பிழைத்தது. மெதுவாகத்தான், ஆனால் குருத்து விட்டது, பற்றுக்கம்பி ஒன்று ஈர்க்கைப் பிடித்தது. ஜூன் வந்ததும் அதையும் புதுக்கன்றுகளையும் சேர்த்து வெளியே பழக்கினேன்: முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு காலை வெயில், காற்று அடிக்கிற நாளில் வேலியின் மறைவில், ஒரு கிழமைக்கு மேலாக. கண்ணாடிக்குள் வளர்ந்த இலை நேர்வெயிலைக் கண்டால் கடதாசிபோல வெளுத்துவிடும். புதுக்கன்றுகள் அதற்குள் பழையதை எட்டிப் பிடித்திருந்தன. மாமி மூன்றையும் ஒரே பந்தலின் கீழே நட்டார்.

ஓகஸ்ட் கடைசியில் பந்தலில் புடலங்காய் தொங்கியது, நுனியில் நூலால் கல் கட்டி நேராக்கிய நல்ல நீளக் காய். அது நான் எறியச் சொன்ன கன்றில் காய்த்தது என்று மாமி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். கொடிகள் மூன்றும் பின்னிப்போய்க் கிடக்கின்றன, எந்தக் காய் எதில் என்று பிரித்துக் காட்டினால் நான் வெல்லலாம். கறிக்கு ஒரு காய் தந்துவிட்டுத்தான் சொல்கிறார் என்பதால் வழக்கை நடத்தவில்லை.